சுண்ணாம்பில் பிறந்த யாளி

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறவர்கள் தூண்களோடு நின்றுவிடுகிறார்கள். தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். வளைவுகளின் மேல் சுதையில் சீறி நிற்கும் யாளிகள்தான் அந்த அரண்மனையின் உயிர். பிதுங்கிய விழி, சுருண்ட பிடரி, திறந்த வாய். முற்றத்து வெயில் ஏறும்போது பிடரியின் ஒவ்வொரு சுருளுக்கும் தனி நிழல் விழும். அந்த நிழலையும் கணக்கில் வைத்துத்தான் கரண்டி பிடித்திருக்கிறான் அந்தப் பெயர் தெரியாத கொத்தன்.

கல்தான் கலை, சுதை வெறும் பூச்சு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதே மன்னர் கல்லில் எழுப்பிய புதுமண்டபத்தைக் காட்டி வாதாடுவார்கள். புதுமண்டபத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் கல்லில் வேண்டாததைக் கழித்து உருவத்தை எடுக்கிறார்கள். சுதையில் ஒன்றுமில்லாத இடத்தில் சேர்த்துச் சேர்த்து வளர்க்கிறார்கள். உளியால் ஆகாத நெளிவெல்லாம் ஈரச் சாந்தில் விரல் நுனியால் ஆகும். மகாலை வடிவமைத்தவர் இத்தாலியர் என்று இன்னொரு கதை உலவுகிறது. வளைவு எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கட்டும். அதன் மேல் ஏறி நிற்கும் யாளி நம் கோயில் தூண்களிலிருந்து இறங்கி வந்தது.

1636-இல் எழுந்த அரண்மனையில் நாம் பார்ப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது ஏராளம். கல்லையும் மரத்தையும் வண்டியில் ஏற்றலாம். சுதையை எப்படி ஏற்றுவது? பெயர்த்தால் அது தூளாகிவிடும். 1792-இல் மதுரைக்கு வந்த டேனியல் ஓவியர்கள் வரைந்தது இடிபாட்டைத்தான். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த புகைப்படங்களிலும் சிதைவுதான் தெரிகிறது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்திராவிட்டால் இந்தக் கால் பங்கும் மிஞ்சியிருக்காது. அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியின் மிச்சம் என்று சொல்லப்படும் பத்துத்தூண், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. வெறும் கல். மேலே வளைவும் இல்லை, யாளியும் இல்லை. இழப்பின் அளவு தெரிய வேண்டுமென்றால் மகாலைப் பார்த்த கையோடு அந்தச் சந்துக்குள் போக வேண்டும்.

அந்தச் சுதை உருவாகும் விதம் இது: கிளிஞ்சல் சுண்ணாம்பு, நாள் கணக்கில் ஊறல், அரைப்பு, கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த நீர், முட்டையின் வெள்ளைக்கரு, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்து ஏற்றும் மெருகு. பளிங்கோ என்று வெள்ளைக்காரர்களைத் திகைக்க வைத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதுதான் வழி. இன்று அந்தப் பொறுமை யாரிடம் இருக்கிறது? நான் குடியிருக்கும் கோவில்பதாகையிலும் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்திலும் புதுவீட்டு முகப்புக்கு ‘எலிவேஷன்’ என்று பெயர்; அச்சில் வார்த்த சிமென்ட் பூவை வாங்கி வந்து ஒட்டுகிறார்கள். கோபுரங்களின் நிலைமை இன்னும் வேதனை. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பழைய சுதையின் மேல் சிமென்ட், அதன் மேல் எனாமல். மூக்கின் கூர்மையும் விரலின் மெலிவும் வண்ணத்துக்கு அடியில் புதைந்துபோகின்றன. பளபளப்பைப் பார்த்து ஊரார் மகிழ்கிறார்கள். உருவம் மழுங்கியதை யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும்போது குழுவினரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பழைய பூச்சை முதலில் பதமாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சுண்ணாம்புச் சுதை இருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஸ்தபதியை அழைத்து வந்து சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்கச் சொல்லுங்கள். செலவும் நாளும் கூடும். கூடட்டும்.