கொம்பும் சின்னமும்

திருச்சிராப்பள்ளியினின்று காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவினுட் புகுவார், விழாக் காலங்களில் இருவகை ஊதுகருவிகளின் ஒலியைக் கேட்டல் கூடும். ஒன்று, ஊர்த் தேவதைகளின் விழாவில் முழங்கும் வளைந்த கொம்பு. மற்றொன்று, பெருமாள் புறப்பாட்டில் ஊதப்பெறும் திருச்சின்னம். நேரிய மெல்லிய குழாய்கள் இரண்டனை ஒருவரே ஒருங்கு வாயிற் பொருத்தி ஊதுவது. இரண்டும் உலோகத்தால் இயன்றன. இரண்டும் உதட்டின் அதிர்வாலே ஒலிப்பன. நாகசுரத்திற்குரிய சீவாளி இவற்றிற்கு இல்லை. ஆயினும் இவை ஒருதாய் மக்கள் அல்ல.

2016-ஆம் ஆண்டில் ஆத்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், அயர்லாந்திற் கிடைத்த பழைய வெண்கலக் கொம்புகளையும் கேரளத்தில் ஊதப்படும் கொம்பையும் ஒப்புநோக்கி, அவ்விரு நிலத்தார்க்கும் பண்டைக் காலத்திலேயே தொடர்பு இருந்ததென்று எழுதினார். மண்ணுள் ஊமையாய்க் கிடந்த கருவியின் ஒலியை, வழக்கொழியாத மரபொன்றன் துணைகொண்டு அறிய முயன்றமை பாராட்டத்தக்கதே. ஆனால் வடிவ ஒப்புமையிலிருந்து உறவைத் துணிந்தது ஆராயற்பாலது. அயர்லாந்தார் நம்மவரிடம் கற்றனர் என்று களிப்பாரும், நம் கொம்பு மேனாட்டினின்று வந்ததென்று தளர்வாரும் இவ்வொரு துணிபின்மேலேயே நிற்கின்றனர்.

கொம்பு என்னும் பெயரே அதன் பிறப்பைக் கூறும். விலங்கின் கொம்பை நுனியில் துளையிட்டு ஊதிய வழக்கே முந்தியது, உலோகம் பிந்தியது. சங்க நூல்களில் இவ்வினக் கருவி கோடு எனவும் பெயர் பெறும். கோடு என்பதும் கொம்பே. வடமொழியாளர் சிருங்கம் என்றனர். உரோமர் கார்னு என்றனர். ஆங்கிலர் ஆரன் என்பர். யாவும் விலங்கின் கொம்பைக் குறிக்கும் சொற்களே. யூதர் ஆட்டுக்கடாவின் கொம்பையே இன்றும் ஊதுகின்றனர். ஆவும் ஆடும் மேய்ந்த நிலமெல்லாம் இக்கருவி தானே தோன்றற்கு இடமுண்டு. வளைந்த கொம்பைக் கண்டு வெண்கலத்தை வளைத்த இருவர் ஒருவரையொருவர் கண்டிருத்தல் வேண்டுமென்பது இல்லை.

தொழில்முறையும் வேறுபடுகின்றது. டென்மார்க்கில் 1797-இல் சதுப்பு நிலமொன்றில் ஆறு வெண்கலக் கொம்புகள் வெளிப்பட்டன. அவை வார்ப்பு வேலை. அயர்லாந்தின் ஆர்மாப் பகுதியில் இலோக்நசேட் என்னுமிடத்துக் கிடைத்ததோ, தகட்டைச் சுருட்டி ஆணியறைந்து இசைத்தது. ஐரோப்பாவினுள்ளேயே இத்துணை வேற்றுமை இருப்ப, அயர்லாந்தையும் காவிரிக் கரையையும் ஒரு நூலாற் கட்டுதல் எங்ஙனம்?

சாஞ்சித் தோரண வாயிற் சிற்பமொன்றில், விலங்குத்தலை வாய்ந்த நீண்ட கொம்புகளை ஊதுவார் காணப்படுகின்றனர். தொடர்புக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். அச்சிற்பி அவர்களுக்கு அயலார் உடையை உடுத்தியிருத்தலை நோக்குக. இந்நாட்டுக் கருவியாயின் அதனை அயலார் கையிற் கொடுப்பானேன்? நம் கொம்பிற்கு விலங்குத்தலையும் இல்லை. அச்சிற்பம் அயலார் வந்தமைக்குச் சான்றாகலாம். கொம்பு வந்தமைக்குச் சான்றாகாது. இனி, வந்த கருவி தன் பெயரோடு வருதலே பெரும்பான்மை. பிடிலும் கிளாரினெட்டும் ஆர்மோனியமும் அங்ஙனமே வந்தன. உறையூரிலும் முசிறியிலும் யவனர் வாணிகம் நிகழ்ந்தும், கொம்பிற்கு யவனப் பெயர் ஏதும் ஒட்டவில்லை.

நேரிய கருவியின் வழி வேறு. மலைபடுகடாம் கூறும் கருவிகளுள், கோட்டினின்று பிரித்துக் களிற்றுயிர்த்தூம்பு என ஒன்று எண்ணப்படுகின்றது. யானை உயிர்த்தாற்போல் ஒலிக்கும் தூம்பு என்பது அதன் பொருள். தூம்பு உட்டுளையுடையது, அதன் மூலம் மூங்கில் போன்ற குழாயாதல் வேண்டும், விலங்கின் கொம்பன்று. எக்காளமும் சின்னமும் இவ்வழியின.

சைவர்க்கு இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. சிராப்பள்ளியையும் ஆனைக்காவையும் பாடிய ஆளுடைய பிள்ளையார்க்குத் திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் அருளியவை முத்துச்சிவிகையும் முத்துக்குடையும் முத்துச்சின்னமுமாம் என்பது சேக்கிழார் வாக்கு. சின்னம் என்பதற்கு அடையாளம் என்றும் பொருளுண்டு. அது பண் இசைத்தற்கு அன்று. வருவார் இன்னார் என்று உலகிற்கு அறிவித்தற்கு உரியது. இன்று சின்னத்தைத் திருவரங்கத்தார்க்கே உரியதென எண்ணும் சைவரும், காளம், தாரை, சின்னம் யாவற்றிற்கும் ஊதுகொம்பு என ஒரே உரை எழுதிச் செல்வாரும், அப்புராணப் பகுதியை நின்று படித்தல் நன்று.

பெயர் வழியும் எல்லாவிடத்தும் செல்லாது. தேவாரத்திற் பயிலும் கொக்கரையைச் சங்கென்பாரும் ஊதுகொம்பு என்பாரும் உளர். பொதியமலைச் சாரலில் வாழும் காணிக்காரரோ, இரும்புக் குழாயைக் கம்பியால் உரைஞ்சி ஒலிப்பிக்கும் கருவியைக் கொக்கரை என்கின்றனர். அது எவ்வெக் கருவிகளோடு சேர்த்து எண்ணப்படுகின்றது என்று பதிகந்தோறும் பார்த்தாலன்றி, ஊதுவதோ உரைஞ்சுவதோ எனத் துணிதல் இயலாது.