எழுத்தாளனும் கையெழுத்தும்

எழுத்தை நம்பி வாழ நினைப்பவனுக்கு யோசனை சொல்லும் புத்தகங்கள் இங்கிலீஷில் ஏராளம். பத்திரிகையைக் கவனித்துப் படி, அதற்கு வேண்டியது என்ன என்று தெரிந்துகொள், அந்த அளவில் எழுது, திரும்பி வந்தால் வேறு பத்திரிகைக்கு அனுப்பு என்பது அவற்றின் சாரம். கட்டுரை, பேட்டி, பயணக் குறிப்பு எழுதுகிறவனுக்கு இந்த யோசனையில் தவறில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் இதையே சொல்லும்போதுதான் காரியம் தலைகீழாகிறது. அளவையும் விஷயத்தையும் முடிவையும் இன்னொருவன் தீர்மானித்த பிறகு, எழுத்தாளனுக்கு மிஞ்சுவது இடத்தை நிரப்பும் வேலை. சிற்றேடுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைச் சொல்லிவருகின்றன. சரியாகவே சொல்லிவருகின்றன.

நாம் சொல்லாமல் விட்டது வேறொன்று. வியாபாரப் பத்திரிகைக்கு எழுதாதே என்ற நாம், பிறகு எதை வைத்துச் சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்கு ஆகாது என்ற பாவனை நம்மிடையே நிலைத்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் போதித்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கி ஊழியர்களாக இருந்தவர்கள். நவீனத் தமிழ்க் கவிதையிலும் சிறுகதையிலும் கணிசமான பகுதி மாதச் சம்பளத்தின் நிழலில், அல்லது சொந்தக் கடையின் நிழலில் எழுதப்பட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிழலையே எழுத்தின் தூய்மை என்று எண்ணிக்கொள்ளும் மயக்கம் நமக்கு உண்டு. நானும் வங்கிக் குமாஸ்தாதான். இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் கேட்காமல் இருக்க என்னால் முடிகிறதென்றால், அதற்குக் காரணம் மாதாமாதம் என் கணக்கில் வரவாகும் சம்பளம். இதை லட்சியம் என்று பெயரிட்டு, வேலையில்லாத ஒரு இளைஞனிடமும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. சிற்றேட்டின் உண்மையான புரவலர்கள், அதில் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் தரும் ஆபீஸ்கள்.

அந்தச் சம்பளம் இல்லாதவர்களையும் நாம் அறிவோம். புதுமைப்பித்தன் பத்திரிகை ஆபீஸ்களில் வேலை பார்த்து, பிறகு சினிமாவை நம்பிப் போய், 1948இல் 42 வயதில் காசநோயால் இறந்தார். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோவை விட்ட பிறகு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். க.நா.சு. பேனாவை நம்பியே வாழ்ந்தவர். மொழிபெயர்ப்புகளும் இங்கிலீஷ் கட்டுரைகளும் அவருக்குச் சோறு போட்டன. அவரிடம் ஒரு பாகுபாடு இருந்ததாக எனக்குப் படுகிறது. கூலிக்குச் செய்யக்கூடிய வேலையைக் கூலிக்குச் செய்தார். இலக்கியத்தில் எது நல்லது, எது மட்டம் என்ற அபிப்பிராயத்தை யாருக்காகவும் தளர்த்தவில்லை. எழுத்தை நம்பி வாழ நினைப்பவனுக்கு இதைவிட உபயோகமான முன்மாதிரி தமிழில் இல்லை. மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், பதிப்பாசிரியர் வேலை, கட்டுரை இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே தொகை பேச வேண்டும். பேசுவதில் வெட்கம் வேண்டாம்.

சொந்தப் படைப்பின் விஷயம் வேறு. அங்கே தொகைக்கு முன்னால் உரிமையைப் பற்றிப் பேச வேண்டும். இதற்குப் பாரதியைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1920இல் அவர் தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் போய்ச் சேரும் என்று கணக்கிட்டார். கடன் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார். பிறகு புத்தக உரிமை ஒரு பக்கமும் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தன. பின்னது ஒரு வியாபாரியிடம் விற்கப்பட்டு, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பனிடம் போயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு வழக்குவரை வந்தது. அரசு பாரதியின் எழுத்துகளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்து, 1949இல் அது நடந்தது. மெய்யப்பன் பணம் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். தேசத்துக்கு நல்ல முடிவு. வறுமையில் விற்ற குடும்பத்துக்கு, எதை விற்கிறோம் என்று விற்ற நாளில் தெரிந்திருக்க வழியில்லை. பாட்டு ஒன்றுதான், அதன் உரிமைகள் பல. பேசும் படம் வரும் முன்னே இறந்த கவிஞனின் பாட்டுக்குப் பேசும் படம் விலை வைத்தது.

இந்த விவகாரத்தில் சட்டம் இன்று எழுத்தாளன் பக்கம் ஓரளவு நிற்கிறது. நமக்குத்தான் அதைப் படிக்கப் பொறுமை இல்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுதுகிறவன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். உரிமையை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது திரும்பிவிடும். பதிப்பாளர் மேஜையில் வருஷக்கணக்காகத் தூங்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கு உரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுதிய நாளில் இல்லாத ஒரு புதிய சாதனத்துக்கு, அதைத் தனியே பெயர் சொல்லாமல், உரிமை போகாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆசிரியர் இறந்து 60 வருஷம்வரை உரிமை நிற்கிறது. அவசரத்தில் போடும் ஒரு கையெழுத்து பேரப்பிள்ளைகளையும் கட்டும்.

ஒரு வரியில் ஒரு சொல் மிகை என்று மூன்று பக்கம் எழுதுகிற நாம், ஒப்பந்தத்தில் 'எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும்' என்ற சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். கவுண்டரில் நான் பார்க்கும் சாதாரண மனிதர், வைப்புத்தொகை ரசீதில் தேதியும் வட்டியும் சரியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். வாசிப்பில் அவருக்கு இருக்கும் ஜாக்கிரதை இலக்கிய விமர்சகனுக்கு இல்லையென்றால், அந்த விமர்சனத்தின் கூர்மையைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

வாய்ப்புகள் முன்னைவிடப் பெருகியிருக்கின்றன என்பதும் உண்மை. 50 பிரதி, 100 பிரதி என்று தேவைக்கு அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. வீட்டில் புத்தகக் கட்டுகளை அடுக்கிவைக்க வேண்டியதில்லை. 2016 முதல் கிண்டிலில் ஆசிரியரே தமிழில் மின்நூல் வெளியிடலாம். 2023இல் தொடங்கிய சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்பு உரிமையை விற்பதற்கென்றே ஏற்பட்டது. மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் உண்டு. அங்கே விற்க மொழிபெயர்ப்பு உரிமை இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்பதே ஆசிரியனின் முதல் கேள்வி. மத்திய அரசு 2021இல் அறிவித்த இளம் எழுத்தாளர் திட்டம், 30 வயதுக்குட்பட்ட 75 பேருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் 6 மாதம் கொடுத்தது. நம் சூழலில் இது சிறிய தொகையல்ல. ஆனால் விடுதலைப் போராட்டத்தின் அறியப்படாத வீரர்கள் என்று விஷயம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. முதல் பத்தியில் சொன்ன பத்திரிகைக்காரனின் நிபந்தனைதான் இதுவும். எழுத விஷயம் இருப்பவன் வாங்கிக்கொள்ளட்டும். தொகைக்காக விஷயம் தேடுகிறவன் யோசிக்கட்டும்.

கவிஞனிடமே பணம் வாங்கிப் புத்தகம் போட்டு, பிரதிகளை அவன் கையிலேயே கொடுத்துவிடும் பதிப்பகங்களும் பெருகியிருக்கின்றன. அது அச்சுக்கூலி, பிரசுரம் என்று அதைச் சொல்லக் கூடாது. கூலி கொடுத்தவன் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கத் தேவையில்லை. நூலக ஆணை வந்தால் ராயல்டி என்று வாய்வார்த்தையாகச் சொல்லப்படுவதையும் காகிதத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சிற்றேடுகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவர்தான். தரத்தை முன்னிட்டு வாசகர் தொகைக்கு வரம்பு கட்டியவருக்கு விற்பது கேவலமாகப் படவில்லை. அவருடைய பிடிவாதத்தைப் புகழ்கிற நாம் தோள்சுமையை மறந்துவிடுகிறோம். பணம் கொடுக்க முடியாத ஏடு குறைந்தபட்சம் மூன்று காரியம் செய்யலாம்: படைப்பின் உரிமை ஆசிரியருக்கே என்று முதல் பக்கத்தில் அச்சிடலாம், ஏற்பதையோ மறுப்பதையோ இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்கலாம், வெளியிட்டதைப் பற்றி அடுத்த இதழில் நேர்மையாக ஒரு பக்கம் எழுதலாம். சன்மானம் தர முடியாத இடத்தில் கவனமான வாசிப்பையாவது தர வேண்டும். அதையும் தராத சிற்றேடு, வியாபாரப் பத்திரிகையைக் குறை சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.