பாதிப் பந்து

எப்போதும்வென்றான் பக்கம் பருத்திமார் பிடுங்கிய கரிசல் காட்டில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடினால் முதல் விதியே 'எல்பி கிடையாது', அதாவது காலில் பட்டால் அவுட் இல்லை என்பதுதான். நடுவராக நிற்பவர் பேட்டிங் அணிக்காரர். அவர் கண்ணை எதிரணி எப்படி நம்பும்? குச்சியால் கீறிய கிரீஸ் கோடு ரெண்டு ஓவரில் புழுதியாகிவிடும். அப்புறம் ரன் அவுட்டுக்கும் சண்டைதான்.

அதனாலேயே நடுவர் தீர்ப்பை மறுபடி ஓட்டிப் பார்க்கும் டிஆர்எஸ் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். 2008இல் இலங்கையில் இந்தியா ஆடிய டெஸ்ட் தொடரில்தான் அதை முதலில் சோதித்தார்கள். 2023இல் தமிழ்நாடு பிரீமியர் லீகான டிஎன்பிஎல்லுக்கும் வந்தது. அந்த ஜூனில் கோவையில் அஸ்வின் பந்தில் கேட்ச் என்று நடுவர் விரலைத் தூக்கினார். பேட்டர் ரிவ்யூ கேட்டார். மட்டை தரையில் தட்டியதாக முடிவு செய்து மூன்றாம் நடுவர் தீர்ப்பை மாற்றினார். அஸ்வின் விடவில்லை, அதன்மேலும் ரிவ்யூ கேட்டார்! பொறுமையாக மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நாட் அவுட்தான். அந்தப் பொறுமை அழகு.

டிஆர்எஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது எல்பிக்கான 'அம்பயர்ஸ் கால்'. பேடில் பட்ட பிறகு பந்து போயிருக்கக்கூடிய பாதையை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. அதுவரை கேமரா கண்டதை வைத்துக் கணினி கணக்குப் போடுகிறது. பாதிப் பந்துக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் உரசும் என்று கணக்குக் காட்டினால், களத்தில் வெயிலில் நின்று பார்த்தவர் சொன்னதே நிற்கும். இந்த விதியைத் தூக்கச் சிலர் சொல்கிறார்கள். தூக்கக் கூடாது.