ஓடும் உம்மும்: 'ஒப்பிடு' என்னும் வினையின் அரசியல்

'ஒப்பிடு' சாதுவான வினை அல்ல. கம்பனை மில்டனோடு ஒப்பிடுகிறோம். அம்பேத்கரை மார்ட்டின் லூதர் கிங்கோடு ஒப்பிடுகிறோம். 'ஓடு' எந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 'ஐ' ஏற்ற பெயர் அளக்கப்படுகிறது. 'ஓடு' ஏற்ற பெயர் அளவுகோலாக நிற்கிறது. அம்பேத்கர் பிறந்தது 1891, கிங் பிறந்தது 1929. முப்பத்தெட்டு வயது இளையவர்தான் இங்கே அளவுகோல்!

தொல்காப்பியத்துக்கு இந்த விஷயம் தெரியும். இருவர் சேர்ந்து செய்யும் ஒரு வினையில் ஒடு உருபு உயர்ந்தவர் பெயரைச் சேரும் என்கிறது சொல்லதிகாரம். அந்தக் கணக்கில் தலைவரோடு தொண்டர்கள் வரலாம், தொண்டர்களோடு தலைவர் வரக்கூடாது. (பேச்சு இதை மதிப்பதில்லை. 'நாயோட வந்தான்'னு தாராளமாச் சொல்றோம்.) அது உடன்நிகழ்ச்சிக்கான விதி, ஒப்பீட்டுக்கு அல்ல என்று புலவர்கள் மறுக்கலாம். சரி, உவமவியலுக்கே போவோம். அங்கும் உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். முகத்துக்கு நிலா. திருப்பிப் போட்டு நிலாவுக்கு முகம் என்றால் தண்டியலங்காரம் அதற்கு வைத்த பெயர் விபரீத உவமை.

நம் விமர்சன மரபு இந்த 'ஓடு'வைச் சுமந்தே நடந்திருக்கிறது. அண்ணாவைத் 'தென்னாட்டு பெர்னாட்ஷா' என்றார்கள். ஷாவை 'அயர்லாந்து அண்ணா' என்று டப்ளினில் யாரும் சொல்லக் காணோம். வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டனோடு நிறுத்தி, அவர்களையெல்லாம் கம்பன் விஞ்சுகிறான் என்று ஆங்கிலத்தில் வாதாடினார். தைரியமான காரியம்தான். ஆனால் ஜெயித்தாலும் மைதானம் அவர்களுடையது.

இதே வினைக்கு இன்னொரு வாக்கிய அமைப்பு உண்டு: 'புறநானூற்றையும் ஹோமரையும் ஒப்பிடு.' இங்கே ஓடு இல்லை. இரண்டு பக்கமும் உம். இரண்டையும் ஒரே தரையில் வைக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும். 1968இல் வெளிவந்த ஆங்கில ஆய்வில் கைலாசபதி வீரயுகம், வாய்மொழி மரபு என்ற தரையைப் போட்டார். அடுத்த ஆண்டு 'ஒப்பியல் இலக்கியம்' வந்தது. வீரயுகம் என்ற கருத்தாக்கமே சாட்விக்கிடமிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனால் ஐயரிடம் ஹோமர் அளவுகோல். கைலாசபதியிடம் ஹோமரும் அளக்கப்படும் சரக்கு. இந்த வித்தியாசத்தை நம் பல்கலைக்கழக ஒப்பிலக்கிய ஆய்வேடுகளில் பெரும்பாலானவை கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. 'இவரிலும் இயற்கை, அவரிலும் இயற்கை' என்று ஒப்புக்கு ஒப்பிட்டுவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒப்பு என்றால் சம்மதமும்தான். ஒப்புக்கொள், ஒப்பந்தம், 'மனசு ஒப்பலை'. இரண்டை ஒப்பிட முதலில் இரண்டும் ஒரே தரையில் நிற்கத்தக்கவை என்று ஒப்ப வேண்டும். அதிகாரத்தின் பயம் அங்கேதான். 'என்னையும் அவனையும் ஒண்ணா வெச்சுப் பேசாதே' என்று ஊரில் யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசு பேசியதும் இதே குரலில்தான்: சாதி வேறு, இனம் வேறு, சேர்க்காதே. ஆந்த்ரே பெத்தேய் போன்ற சமூகவியலாளர்களும் அப்படியே வாதிட்டார்கள். வேறுதான். வேறானவற்றைத்தானே ஒப்பிட முடியும்? ஒன்றையே இரண்டு தரம் எடுத்து வைத்து என்ன ஒப்பிடுவது?

இந்த ஒப்பீடு டர்பனில் முளைத்ததும் இல்லை. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டத்தகாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால் பின்னதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமானது என்பது அதன் சாரம். யாரும் யாருக்கும் அளவுகோல் இல்லை, உம், உம். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவைப் போலத் தாங்களும் ஒன்று கொடுக்க யோசிப்பதாகச் சொல்லி, அந்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.