ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்

கிறிஸ்தவத் தலைமைத்துவப் பட்டறைகளில் நெகேமியாவுக்கு எப்போதும் முதல் வரிசைதான். அண்மையில் நான் போன பட்டறையிலும் அப்படித்தான். "52 நாள்ல எருசலேம் மதில் முடிஞ்சுது. நம்மால ஏன் முடியல?" என்று கேட்டார் பேச்சாளர். கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த வாசிப்பு புதிதில்லை. சார்லஸ் ஸ்விண்டால் 1978இல் எழுதிய 'ஹேண்ட் மீ அனதர் பிரிக்' நெகேமியாவைத் தலைமைத்துவப் பாடமாகவே எடுத்துக்கொண்டது. காரணமும் இருக்கிறது. பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரர் அனுமதி வாங்குகிறார், இரவில் போய் இடிந்த மதிலைப் பார்க்கிறார், தட்டான், தைலக்காரன், சல்லூமின் மகள்கள் என்று எல்லாரும் ஆளுக்கொரு பகுதியைக் கட்டுகிறார்கள். திட்ட மேலாளருக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

ஆனால் பேச்சாளர் நான்காம் அதிகாரத்திலிருந்து நேராக ஆறுக்குத் தாவிவிட்டார். நடுவில் இருப்பது கூக்குரல். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தை அடகு வைத்தவர்கள், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமைகளாக விட்டவர்கள் முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்த இனத்துப் பிரபுக்கள்.

நூலின் பெரும்பகுதி நெகேமியாவே 'நான்' என்று சொல்வது. மேலாளர்கள் எழுதும் அறிக்கைகள் எனக்குப் பழக்கம். எத்தனை விழுக்காடு வேலை முடிந்தது என்று இருக்கும். யாருக்குச் சம்பளப் பாக்கி என்று இருக்காது. நெகேமியாவின் அறிக்கையில் அது இருக்கிறது. பிரபுக்களைக் கண்டித்த கையோடு, தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்றும் ஒத்துக்கொள்கிறார். எனக்கு அவர் தலைவராகத் தெரிவது அந்த இடத்தில்தான்.

அதற்காக அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். ஆளுநருக்குரிய படியை 12 வருஷம் வாங்கவில்லை. ஆனால் ராஜாவின் வரி குறைந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அவரும் அந்த ராஜா வைத்த ஆளுநர்தானே! கடைசி அதிகாரத்தில், அந்நியப் பெண்களை மணந்தவர்களில் சிலரை அடித்து முடியைப் பிடுங்குகிறார். அதையும் பெருமையாகவே சொல்கிறார். பட்டறையில் இதுவும் வரவில்லை.

கேள்வி நேரத்தில் ஐந்தாம் அதிகாரம் பற்றிக் கேட்டேன். "அது வேற தலைப்பு, தம்பி" என்றார் பேச்சாளர்.

வேறு தலைப்பு இல்லை. அதே மதில், அதே ஆட்கள். இனி யாராவது 52 நாள் கணக்கைச் சொன்னால், வீட்டில் தானியம் இல்லாமல் அங்கே கல் சுமந்தவர்களின் கணக்கையும் கேளுங்கள்.