பஞ்சவாத்தியமும் ஒலிப்பதிவும்

பாலக்காட்டு நெம்மாறா–வல்லங்கி வேலைத் திருவிழாவில் முழங்கும் பஞ்சவாத்தியத்தை ஒலிப்பதிவைக் கொண்டு மட்டும் ஆராய்வது, மூலத்தைச் சுருக்கத்தின் வழியே மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். திமிலையரும் மத்தளக்காரரும் எதிரெதிர் வரிசைகளில் நிற்பர். திமிலையர்க்குப் பின் இலைத்தாளமும், மத்தளக்காரர்க்குப் பின் கொம்பும், முனைகளில் இடக்காவும் அமையும். இடையில் நிற்பவர்க்கு வினா ஒரு திசையிலும் விடை மறுதிசையிலும் கேட்கும். ஒற்றை ஒலிவாங்கி இரண்டையும் கலந்துவிடுகிறது.

இழப்பு இதனினும் பெரிது. நீண்ட வட்டணையில் மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் குறுகி விரையும் வாசிப்பு சுமார் 2 மணி நேரம் நீள்வது. பக்கத்துக்கு 30 நிமிடமே கொள்ளும் ஒலிநாடாவில் அது முழுமையாக அடங்காது. தொடக்கத்தை வெட்டினால் இறுதி விரைவு வெறும் ஆரவாரமே. எழுவாயை நீக்கிப் பயனிலையை மட்டும் பெயர்த்த மொழிபெயர்ப்பை இது ஒக்கும். எனினும் திமிலையின் ‘த’, ‘தோம்’ என்னும் ஒலிகளை மீண்டும் மீண்டும் கேட்டுப் பிரித்தறிய ஒலிப்பதிவே துணை. திருவிழாக் களம் அவ்வாய்ப்பைத் தருவதில்லை.