இரண்டு கொம்பும் ஒரு முகமூடியும்

ஹாலோ நைட் என்னும் வீடியோ கேமின் முகப்புப் படத்தில் நாயகனுக்குக் கண்ணே கிடையாது. வெள்ளை முகமூடி ஒன்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் நீள்வட்டமாய் இரண்டு கருங்குழிகள். புருவம், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. தலையிலிருந்து இரண்டு கொம்புகள் மேலெழுந்து, ஒன்றையொன்று பார்த்தபடி உள்நோக்கி வளைகின்றன. பின்னால் பனிமூட்டம் போல நீலம். படத்தின் உயிர் இவ்வளவில் இருக்கிறது.

பென்சில் பிடிக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இந்த முகத்தை வரைந்துவிடும். வரைந்தவரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். முகத்தில் எந்த பாவமும் எழுதப்படாததால், பார்க்கிறவர் தன் மனசில் இருப்பதை அதில் ஏற்றிக்கொள்கிறார். ஒரு நாள் அந்தக் குட்டி வீரன் அநாதைப் பிள்ளையாகத் தெரிகிறான்; இன்னொரு நாள் பிடிவாதக்காரனாக. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஆரி கிப்சன், வில்லியம் பெலன் என்ற இருவர் தொடங்கிய டீம் செர்ரி, 2014-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி 2017 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. ஓவியம் கிப்சனுடையது. தலைப்பின் எழுத்துகளும் முகமூடியும் ஒரே வெள்ளை. பெயர் வேறு, படம் வேறு என்று கண் பிரித்துப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பரில் அடுத்த பாகமான சில்க்சாங் வந்தபோது நாயகி ஹார்னெட்டுக்கும் அதே வெள்ளைத் தலை, அதே கொம்பு. போர்த்தியிருக்கும் அங்கி மட்டும் சிவப்பு. பெயரைப் படிக்கும் முன்பே இன்ன குடும்பம் என்று தெரிந்துவிடுகிறது.

இதை இவ்வளவு நுணுக்கிப் பார்க்கக் காரணம் உண்டு. கணினி கேம்களுக்குப் பெரிய சந்தை ஸ்டீம். 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேல் புது கேம்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கடைத்தெருவில் கிடைக்கும் இடம் ஒரு சின்னச் செவ்வகம். கேப்ஸ்யூல் என்பார்கள். அதிலும் பல அளவு: பக்கத்தின் தலையில் 920×430 பிக்சல், பட்டியல்களுக்கு 462×174, வாங்கியவரின் நூலகத்தில் நெடுக்குவாட்டாக 600×900. பட்டியலுக்குக் கொடுப்பதை ஸ்டீமே இன்னும் சுருக்கி 120×45 வரை கொண்டுபோய்விடும். சாதாரண மானிட்டரில் அது சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். சிவகாசித் தீப்பெட்டி லேபிளில் கால்வாசி இருக்கும். அந்த லேபிள்காரர்களுக்கு இந்த வித்தை எப்போதோ தெரியும்: ஒரு புலி போதும், காடு வேண்டாம்.

கேம் செய்கிறவருக்குக் காட்டை விட மனசு வராது. பல வருடம் உழைத்துச் செய்த கோட்டை, எட்டு பாத்திரங்கள், டிராகன், மழை, நிலா எல்லாவற்றையும் உள்ளே திணிப்பார். அல்லது விளையாட்டின் ஒரு காட்சியை அப்படியே வெட்டி, மேலே மெல்லிய எழுத்தில் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவார். முன்பெல்லாம் இதோடு விருதுகள், விமர்சன மதிப்பெண்கள், தள்ளுபடி என்று சினிமா போஸ்டர் கணக்காக ஒட்டுவதும் நடந்தது. 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் அதை நிறுத்தியது; ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு, அவ்வளவே. விதி வந்த பிறகு அந்தத் தெருவில் இரைச்சல் குறைந்தது என்பது என் எண்ணம்.

பெயரையே படமாக்குவது ஒரு வழி. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016-இல் வெளியிட்டார். மரச்சட்டம் போல் தடித்த எழுத்து, ஓரங்களில் இலை, பின்னால் வெளிர்நீல வானம். தோட்டத்து வாசலில் ஆணியடித்த பலகையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். எழுத்து தடிமனாக இருப்பதால் எவ்வளவு சுருக்கினாலும் கரைவதில்லை. பயிர் வைக்கிற கேம் என்று தனியே சொல்ல வேண்டியதும் இல்லை.

டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட லிம்போ இதற்கு நேர் எதிர். வண்ணமே கிடையாது. சாம்பல் நிற மூட்டம், கரிய மரங்கள், நிழலாக ஒரு சிறுவன். அவன் முகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை விரலால் மறைத்துப் பாருங்கள். சிறுவன் ஒரு மரக்கட்டையாகிவிடுவான். விரலை எடுத்தால் உயிர் வந்துவிடும். விளையாடும்போது அவன் சாகிற கணத்தில் அந்தப் புள்ளிகள் அணைகின்றன. அதைப் பார்த்தவர் திரும்ப முகப்புப் படத்துக்கு வந்தால், இவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சின்ன நிம்மதி.

நல்ல முகப்புக்கு இப்படி இரண்டு வாசிப்பு உண்டு, வாங்கும் முன் ஒன்று, விளையாடிய பின் ஒன்று. டோபி ஃபாக்ஸின் அண்டர்டேல் (2015) கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தும், எழுத்துக்குள் ஒரு சிவப்பு இதயமும்தான். புதியவருக்கு அது அலங்காரம். விளையாடியவருக்கோ சண்டைக்குச் சண்டை தன் கையால் நகர்த்தி, பாய்ந்து வரும் தோட்டாக்களிலிருந்து காப்பாற்றிய உயிர். 2018-இல் வந்த செலஸ்ட்டில் மலையேறும் பெண் மேடலினுக்கு முகப்பில் செம்பட்டை என்று சொல்ல முடியாத, அசல் சிவப்புக் கூந்தல். விளையாட்டில் அந்தச் சிவப்புக்கு அர்த்தம் இருக்கிறது: காற்றில் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டால் முடி நீலமாகிவிடும், தரையில் கால் பட்டதும் மறுபடி சிவக்கும். ஆக, முகப்பில் இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பாய்ச்சல் இன்னும் கைவசம் இருக்கிறது. பிரேசில் ஓவியர் அமோரா பெட்டானி இந்தக் கேமுக்கு ஓவியம் தீட்டியவர். அவர் அப்படி நினைத்து வைத்தாரோ என்னவோ, பார்க்கிறவருக்குக் கிடைத்துவிடுகிறது.

எல்லா அழகும் இந்தச் செவ்வகத்தில் செல்லுபடியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னவற்றைப் போலத் தனி ஆளோ சிறு குழுவோ சொந்தமாகச் செய்த இண்டி கேம் இல்லைதான், ஆனால் முகப்பு ஓவியம் என்று பேச்செடுத்தால் 2001-இல் வந்த இக்கோவை விட முடியாது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதன் பெட்டிக்கு இயக்குநர் ஃபுமிடோ உவேடாவே ஓவியம் தீட்டினார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் பாணி: வெறிச்சோடிய வெளி, வளைவுகள், நீண்டு விழும் நிழல்கள், நடுவே கைகோத்து ஓடும் எறும்பளவு இரண்டு உருவங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் வேறு அட்டை போட்டார்கள். அது இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. உவேடாவின் ஓவியத்தைக் கையில் பெட்டியாகப் பிடித்துப் பார்ப்பது ஒரு சுகம். அதையே 120 பிக்சலுக்குச் சுருக்கினால் அந்த இரண்டு பேரும் காணாமல் போய்விடுவார்கள். மஞ்சளும் கறுப்புமாக ஒரு கறை மிஞ்சும். லிம்போவின் கண்களும் அந்த அளவில் தாங்குவது கஷ்டம்தான். கொம்பு தாங்கும்.

கேம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இசைக்கு ஒதுக்குவதுபோல முகப்புக்கும் ஓவியருக்கென்று பணம் ஒதுக்குங்கள், வெளியீட்டுக்கு முந்தின வாரம் நினைத்துக்கொள்ளாமல். இன்னொன்றும் உண்டு. ஸ்டீம் பக்கத்தில் உருவாக்கியவர், வெளியிட்டவர் என்று இரண்டு பெயர்களுக்கு இடம் இருக்கிறது. முகப்பு வரைந்தவருக்கு இல்லை. தமிழில் புத்தகம் போடுகிறவர்கள் உள்பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது வழக்கம். கேமைப் பற்றி எழுதும் விவரக் குறிப்பில் அந்த ஒரு வரியை இவர்களும் சேர்க்கலாம்.